கொட்டேஷனில் இல்லாத வேலை

உரக்கடை ஆத்மநாதன் ஐயா வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் நான் இறங்கவில்லை. பின் சீட்டில் இருந்தபடியே என் வீட்டுக்காரருக்குக் கடைசியாக ஒரு தடவை சொன்னேன்.

"தாளக் குடுத்துட்டு சும்மா இருக்கணும். வெலையப் பத்தி என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஜஸ்டின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினார். அவர் தலையாட்டுவதை நம்பி மோசம் போனதுதான் என் கதை. ஆனாலும் வேறு வழி இல்லாமல் இறங்கினேன்.

மொட்டைமாடி ஒழுகலை அடைத்து ஓடு பதிப்பது இவர் தொழில். குவைத்தில் ஒரு கம்பெனியில் பல வருஷம் இதே வேலைதான் பார்த்தார். திரும்பி வந்து விராலிமலையில் சொந்தமாக ஆரம்பித்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இவர் வாட்டம் பார்த்துப் பதித்த மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. ஆனால் குவைத்தில் விலையைக் கம்பெனி சொன்னது. இங்கே தெரிந்த முகத்தைப் பார்த்து இவரே சொல்ல வேண்டும். அதில்தான் மனிதர் கவிழ்ந்துவிடுகிறார். காசு கேட்பதும் கையேந்துவதும் அவருக்கு ஒன்றாகவே தெரிகிறது.

முதலில் எல்லாம் ஒரு துண்டுத் தாளில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுப்பார். "எதுக்கு எவ்வளவுன்னு இல்லையே" என்று கேட்டால் உடனே குறைத்துவிடுவார். பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். பழைய பூச்சைக் கொத்தி எடுக்க இவ்வளவு, விரிசல் அடைக்க இவ்வளவு, கோட்டிங் இரண்டு கை அடிக்க இவ்வளவு, ஓடு பதிக்க இவ்வளவு. எதெல்லாம் இதில் சேராது, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை நாளுக்கு இந்த விலை செல்லும் எல்லாம் தனித்தனியாக. மேலே 'சே.ம.சூ.' என்று போடுவது மட்டும் இவர் வேலை. சேசுவும் மரியும் சூசையும் துணைக்கு நின்றும் இவர் வாயை அடக்க முடியவில்லை. கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரித் தோப்புக்காரர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அதைப் போட்டுப் படிப்பதற்குள் இவரே, "பாத்துக் கொறச்சுக்கலாங்க" என்று சொல்லிவிட்டார். மீமிசலில் குறைத்த காசுக்கு ஈடாக ஒரு பை நிறைய மீன் கொடுத்து அனுப்பினார்கள். நான் அதைக் குழம்பு வைத்தேன். இருந்த ஆத்திரத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் அதையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் திறக்க மாட்டார்.

போன வாரம் ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் போன் செய்தார். மறுபடியும் குவைத். இவர்தான் சொன்னார்: "ஆத்மநாதன் ஐயா வீட்டு வேல நீ போட்ட ரேட்டுக்கே அமைஞ்சா இங்கயே இருந்துர்றேன் ஜாஸ்பின். இல்லாட்டி திங்கக்கெழம குடுத்துர்றேன்." மகளுடைய முதல் நற்கருணைச் சடங்கை அங்கிருந்து வீடியோ காலில் பார்த்து அழுத மனிதர் இவர். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு கோயிலில் நின்றவள் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது. அதனால்தான் இன்று கூடவே வந்தேன்.

ஆத்மநாதன் ஐயா கொட்டேஷனை வரி வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். சொன்னேன். இவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயா தாளை மடித்து, "வெவரமாத்தான் இருக்கு. இதுலயே பண்ணிருங்க" என்றார். ஒரு ரூபாய்கூட பேரம் பேசவில்லை. என் கைகால் எல்லாம் லேசாகிவிட்டது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்தும்விட்டேன்.

"இருந்து ஒரு வா காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று அவர் மனைவி கண்ணாத்தாள் அக்கா டம்ளரோடு வந்தார்.

இவரிடம் ஒரு வேலையை வாங்க ஒரு டம்ளர் காப்பி போதும். பாதி குடித்ததும் முகம் இளகிவிட்டது. "ஐயா, அந்த சன்ஷேடு மேலயும் வெடிச்சுருக்கு. சேத்து அடிச்சு விட்டுர்றேன்" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு, "டேங்க் நிக்கிற மேடையயும் பாத்துர்றேன்" என்றார்.

"அதுக்குத் தனியா எவ்வளவுப்பா?"

"அதெல்லாம் சும்மாதாங்கய்யா. நம்ம வீடு."

"அப்படியா?" ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? "அப்ப கீழ சம்புலயும் கசிவு இருக்கு..."

"எறங்கிப் பூசிர்றேங்கய்யா."

விலையைக் குறைக்கக் கூடாது என்றுதானே சொன்னேன்! குறைக்கவில்லை. வேலையைக் கூட்டிவிட்டார். அந்தத் தாளில் எங்களுக்கென்று மிஞ்சுவது என்று நான் போட்டு வைத்திருந்தது முழுவதும் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்த மனிதரை என்ன செய்வது? பாஸ்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது.

"அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்கய்யா" என்று வாங்கினேன். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஓடு பதிக்கும் வரிக்குக் கீழே சன்ஷேடு, டேங்க் மேடை, சம்ப் என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரே தொகையையும் போட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது. பரவாயில்லை. மொத்தத்தை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டு ஐயாவிடம் நீட்டினேன்.

அவர் தாளையும் என்னையும் பார்த்தார். "சும்மான்னு சொன்னானே?"

"சிமெண்டு சும்மா வரலீங்கய்யா. கூட வேல பாக்குற ஆளுகளுக்கும் சம்பளம் குடுக்கணும்." குரல் உயர்ந்துவிட்டது. "இவுக இப்படியே சும்மா சும்மான்னு செஞ்சா, மறுபடி வெளிநாட்டுக்குத்தாங்கய்யா போகணும்."

ஐயாவுக்குக் கோபமா இல்லையா என்று தெரியவில்லை. தாளை இவர் மடியில் வைத்தார்.

"ஏப்பா ஜஸ்டின், நீ சும்மாங்குற. ஒன் வீட்டுல காசுங்குது. வேல செய்யப் போறவன் நீ. நீயே சொல்லு, எத எடுத்துக்க?"

இவர் காது மடல் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. தாளைக் கையில் எடுத்தார். விரல் சன்ஷேடில் நின்றது, டேங்க் மேடைக்கு இறங்கியது, சம்ப் என்று நான் கோணலாக எழுதியிருந்த இடத்துக்கு வந்தது. அதற்கு எதிரே இருந்த தொகையின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். மறுபடி எடுத்தார். சொல்லுங்களேன் என்று எனக்குள் கத்தினேன்.

"ஐயா..." என்றார். "அவ எழுதுனது..."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாத்தாள் அக்கா ஒரு தட்டு நிறைய முறுக்கை அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.