கெண்டைக்கால் பிடிப்பு

பிசியோதெரபி உதவியாளர் வேலையில் அவளுக்கு இது எட்டாவது மாதம். எந்த நேரமும் உள்ளங்கை கதகதவென்று இருப்பதால் நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் ஒத்தடம். யார் காலைத் தொட்டாலும் அவள் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும்.

அன்று ஷிப்ட் முடியும் நேரத்தில் தொட்ட டிரைவரின் இடது கால் அப்படி இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் காலில் மூட்டு ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். கெண்டைச் சதை அவள் கைக்கே சுட்டது.

"சதை புடிச்சிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் அழுத்தி உருவி விடு, வண்டி கிளம்பிடும்," என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த மகள் சிரித்தாள். ஒத்தடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தாள். இடது பக்கம் நாலு சென்டிமீட்டர் கூடுதல். ஒரே காலில் சூடு, வீக்கம், வலி மூன்றும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் என்று வகுப்பில் படித்திருந்தாள்.

போன வாரம் இன்னொருவருக்கு இதே சந்தேகத்தைக் கிளப்பி, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றானதும், தெரபிஸ்ட் மேடத்திடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். "நோய்க்குப் பேர் வைக்கிறது உன் வேலை இல்ல. பேஷன்ட் என்ன சொல்றாங்களோ அத அப்படியே எழுது, போதும்." வேலை நிரந்தரமாவது அந்த மேடத்தின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

மேடத்துக்கு இரண்டு தடவை போன் போட்டாள். மேல்மாடியில் மீட்டிங், எடுக்கவில்லை.

"அப்படியே படுத்திருங்க சார். மேடத்தக் கூட்டிட்டு வரேன்," என்றாள். ஏன் என்று சொன்னால் மனிதர் பயந்துவிடுவார் என்று காரணத்தை மென்று விழுங்கினாள்.

கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டில் 'சூடு' என்று எழுதப்போனவளுக்குப் பேனா நின்றுவிட்டது. டிரைவர் சொன்னதையே எழுதினாள்: 'இடது கெண்டைக்கால் பிடிப்பு. நடைப்பயிற்சி வேண்டாம்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் இல்லையென்றால் தப்பும் இல்லை என்று நினைப்பதில் நமக்கெல்லாம் என்ன ஒரு நிம்மதி.

மீட்டிங் அறைக்கு வெளியே கால் மணி நேரம் காத்திருந்தாள். கதவைத் தட்ட மூன்று முறை கை தூக்கினாள், மூன்று முறையும் இறக்கினாள். கதவு திறந்ததும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடம் திட்டவில்லை. லிப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் ஒத்தடத்துக்கு உண்மையில் பயம் வந்தது.

வார்டில் அடுத்த ஷிப்ட் உதவியாளர் அண்ணன் வந்திருந்தார். பன்னிரண்டு வருட அனுபவம், யார் வலிக்கிறது என்று சொன்னாலும் தாங்காத மனசு. சட்டைக் கையை மடித்துவிட்டு, டிரைவரின் கெண்டைக்காலை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி உருவிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க," என்றார் மேடம்.

அண்ணன் திகைத்துப்போய்க் கையை எடுத்தார். "பிடிப்புன்னு நீதானம்மா எழுதியிருந்த? பாவம், துடிச்சிட்டு இருந்தாரு. அதான் பத்து நிமிஷமா எடுத்துவிடுறேன்."

மேடம் எட்டி அவசர மணியை அழுத்தினார். தலையணையில் சாய்ந்திருந்த டிரைவருக்கு நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஒத்தடத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"காலு இப்ப பரவால்லம்மா," என்றார். "மூச்சுதான் ஏனோ பத்தல."