விழாத ரேகை

சீயக்காயைக் குழைத்து அம்மாவின் இடது கையில் தேய்த்துக்கொண்டு வந்த மயிலாள் கட்டை விரலில் வந்து நின்றாள். விரல் நுனி நீலமாக இருந்தது. தண்ணீரை ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

"நஞ்சக்கா, இது என்னன்னு பாருங்க."

சுற்றிப் பிடித்திருந்த சேலை மறைப்புக்குள் நாலு பெண்கள் இருந்தார்கள். நஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். மயிலாளின் அம்மா சென்னம்மாளோடு பத்து வருஷமாக வேலை செய்தவள், பக்கத்து வீட்டுக்காரி.

"மையாட்ட இருக்குது. எங்காச்சும் தொட்டிருப்பாங்க, விடு கண்ணு."

எங்கே போய்த் தொடுவாள்? நாலு நாளாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்காத மனுஷி. நேற்றுச் சாயங்காலம் கஞ்சி ஊட்டிவிட்டு அந்தக் கையை ஈரத்துணியால் துடைத்ததே மயிலாள்தான். அப்போது விரல் விரலாகத்தான் இருந்தது.

"உசுரு போறப்ப நீலம் பாயுமுன்னு சொல்லுவாங்க" என்றாள் கால்மாட்டில் நின்ற ஒருத்தி.

"பாயறது ஒத்தை விரல்ல மட்டுமா பாயும்?" என்றாள் இன்னொருத்தி. சொல்லிவிட்டு அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.

சென்னம்மாளின் கைக்கு ஒரு கதை உண்டு. திருப்பூர் பனியனை வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு, அவர்களுக்குத்தான் தெரியாது. புருஷன் செத்த பிறகு பதினெட்டு வருஷம் சலவைப்பட்டறையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டிக்குள் நின்று துணி அலசினாள். தோல் உரியும், வளரும், மறுபடி உரியும். கடைசியில் விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது.

அது தெரியவந்தது பேங்கில். பேங்கெல்லாம் கவர்மெண்ட் கைக்கு வந்து, தொழில் செய்கிற பெண்களுக்கும் மெஷின் வாங்கக் கடன் உண்டென்று சொன்ன புதிது. மாதர் சங்கத்து ஞானாம்பாள் டீச்சர்தான் சென்னம்மாளை இழுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தா அவள் விரலை மையில் அமுக்கிக் கடன் பாரத்தில் வைத்தார். நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. உள்ளே ஒரு கோடு இல்லை.

"ரேகையே இல்லாத ஆளுக்கு எப்படீம்மா கடன் குடுக்கறது? நாளைக்கு ஆளை எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

"மூணு மாசம் டயம் குடுங்க சார். கையெழுத்துப் போடுவாங்க" என்றாள் டீச்சர்.

சனிக்கிழமை தோறும் வேலம்பாளையத்தில் வகுப்பு. பேர் எழுதுவது, பாஸ்புத்தகம் படிப்பது, ஒரு டஜன் பனியன் தைத்தால் நூலுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று பார்ப்பது. நாற்பத்தைந்து வயதில் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு போனவளைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. நெம்பச் சிரித்தது அவளுடைய கொழுந்தனார் பொங்கியண்ணன். "செத்தவன் கையில வெத்தலை பாக்குக் குடுத்தாப்பல பேனாவைப் புடிக்கறா பாரு" என்பார். ரேகை விஷயம் அவருக்குத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை மகளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள் சென்னம்மாள்.

கையெழுத்துப் போட்டாள். கடன் வந்தது. தொட்டியை விட்டுக் கரையேறினாள். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலை ஷெட் போட்டு இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் இறக்கினாள். நஞ்சம்மாளோடு சேர்த்து ஐந்து பெண்கள் அதில் பிழைக்கிறார்கள். கணியூரில் கட்டிக்கொடுத்து மூன்றே வருஷத்தில் புருஷன் திருப்பி அனுப்பிவிட்ட மயிலாளுக்கும் அதுதான் சோறு. மெஷின் போனால் அவள் போய் நிற்பதற்கு அந்தத் தொட்டியைத் தவிர வேறு இடம் கிடையாது.

இதெல்லாம் மனசுக்குள் ஓடி முடிந்தபோது மயிலாளுக்கு விடிகாலை நினைப்பு வந்தது. உயிர் போனதும் ஓடிப்போய்ச் சித்தப்பாவை எழுப்பினாள். அவர் வந்து பார்த்துவிட்டு, "நான் இங்க இருக்கறேன், நீ போயி நஞ்சம்மாளையும் நாலு சனத்தையும் கூட்டியா கண்ணு" என்றார். அவள் திரும்பி வர அரை மணி ஆயிற்று. அந்த அரை மணி நேரம் அம்மாவோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

அடப்பாவி மனுஷா, என்று நினைத்துக்கொண்டே சொம்பை நங்கென்று வைத்தாள்.

கோடி கட்டி வாசலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கவேண்டியவர் பொங்கியண்ணன்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவர் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போங்க மாமா, நேரமாகுது" என்று யாரோ தள்ளிவிட்டார்கள். வந்தார். இடது கையால் அரிசியை அள்ளினார். "இடது கையிலயா போடுவாங்க?" என்று ஒரு கிழவர் அதட்டினார். துண்டிலிருந்து வலது கை வெளியே வந்தது. விரலெல்லாம் நீலம். குனிந்தவர் சென்னம்மாளின் கையைப் பார்த்தார். அரிசி வாய்க்குப் போகவில்லை, மண்ணில் கொட்டியது. எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

தாங்க மாட்டாமல் போகிறார் என்று சனங்கள் உச்சுக்கொட்டினார்கள். மயிலாள் பின்னாலேயே போனாள்.

"சித்தப்பா, அந்தப் பேப்பரை எடுங்க."

"எந்தப் பேப்பரு கண்ணு?"

"எங்கம்மா விரலை வெச்சு ஒத்துனீங்களே, அது. இப்ப எடுக்கறீங்களா, இல்லை வாசல்ல போயிக் கூப்பாடு போடட்டுங்களா?"

மறுக்கிற தெம்பு அவருக்கு இல்லை. மடியிலிருந்து மடித்த பத்திரத்தாளை எடுத்தார். இரண்டு மெஷினையும் ஷெட்டையும் கொழுந்தனாருக்குக் கிரயம் கொடுத்ததாக எழுத்து. தேதி போன மாசத்துத் தேதி. அடியில் மூன்று நீல வட்டங்கள்.

"மொதத் தடவை மை சாஸ்தியாயிருச்சுன்னு நெனைச்சேன்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "துணியில தொடைச்சுப் போட்டு ரெண்டாவது வெச்சேன். மூணாவது பட்டும் படாம வெச்சேன். பாரு, வெரலோட ஓரம் தெரியுது, வெட்டுக்காயத் தழும்பு தெரியுது. உள்ளார ஒரு கோடு விழுகலை மயிலு. எந்நேரமும் பட்டறைத் தண்ணிக்குள்ள கெடந்த பொம்பளைங்க கையெல்லாம் நான் பார்த்திருக்கறேன், அதுலயும் கோடு இருக்குது. கோடு இல்லாத மனுசக் கை உண்டா?"

மயிலாள் தாளைப் பார்த்தாள். பேங்க் குமாஸ்தா கேட்டதாக அம்மா சொன்னது காதில் ஒலித்தது. எழவு வீட்டில் சிரிப்பு வரும் என்று அவள் கேள்விப்பட்டதில்லை, ஆனால் தொண்டை வரை வந்துவிட்டது. இந்த மனுஷர் திருடிக்கொண்டு போக நினைத்த ரேகை பட்டறைத் தொட்டியோடு எப்போதோ போய்விட்டதே! எத்தனை ஸ்லேட்டு பிடித்தாலும் கைநாட்டுப் பொம்பளைதான் என்று நம்பினார். அவர் எகத்தாளம் பேசிய அந்தக் கையெழுத்து மட்டும்தான் அம்மாவிடம் இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் பயம் தெளியும். பயம் தெளிந்தால் நாளைக்கு வேறு பேப்பரோடு வருவார்.

"அம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க சித்தப்பா" என்றாள். "உசுரு போன பொறவும் கையை மூடிக்கிட்டாங்க. நீங்களே பார்த்தீங்கல்ல?"

அவர் தலையை ஆட்டினார். அவள் நீட்டிய கையில் பத்திரத்தைப் போட்டார், கையில் கங்கு இருந்ததைப் போலப் போட்டார்.

"இனி இந்த ஷெட்டுப் பக்கம் வரமாட்டேன், சாமி சத்தியமா. அண்ணி கிட்டச் சொல்லு."

"கொள்ளியை ஒழுங்கா வெச்சுப்போட்டு வாங்க. அது போதுமுங்க."

தப்பட்டை முழங்க ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலைக் கழுவிவிட்டு ஆளாளுக்குக் குளிக்கப் போனார்கள். வீட்டில் திடீரென்று ஆள் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் மயிலாளுக்கு அழுகையும் வந்தது, அழுகையோடு ஒரு திமிரும் வந்தது.

ஞானாம்பாள் டீச்சர் பல்லடம் பஸ்ஸைத் தவறவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தாள். வெறும் கட்டிலைப் பார்த்தாள். பிறகு மயிலாளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முகத்தைக் கூடப் பார்க்க முடியலையேம்மா."

மயிலாள் எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரத்தைப் பிரித்துக் காட்டினாள். "நல்லவேளை டீச்சர், பிளீச்சிங் பவுடர் காப்பாத்துச்சு. அம்மாளுக்கு ரேகை இருந்திருந்தா இந்நேரம் மெஷினு போயிருக்கும்."

டீச்சர் தாளை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பி, மறுபடி பார்த்தாள்.

"இது உங்கம்மா வெரலா?"

"தழும்பு தெரியுது பாருங்க. ஓவர்லாக் கத்தி வெட்டுனது."

டீச்சர் பையைத் திறந்து ஒரு பேங்க் பாரத்தை எடுத்தாள். "இதைக் குடுக்கத்தான் கெளம்பினேன். போன மாசம் உங்கம்மா பேங்குக்கு வந்து, தனக்கு அப்புறம் மெஷினும் கடனும் உன் பேருக்குன்னு எழுதி வெச்சாங்க. உங்கிட்டச் சொல்ல வேண்டாம், புள்ளை பயந்துக்குமுன்னாங்க. கையெழுத்து நடுங்குது, பக்கத்துல பெருவிரலும் இருக்கட்டும்னு ஆபீசர் சொன்னாரு."

'சென்னம்மாள்' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. 'ன' இரண்டு இருந்தாலும் முதலாவதன் மேலே மட்டும்தான் புள்ளி வைத்திருந்தாள், சரியாக. அதற்குப் பக்கத்தில் நீல ரேகை. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது. நடுவில் அதே தழும்பு.

"தொட்டி வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சில்ல? தோல் புதுசா வளந்து கோடெல்லாம் திரும்ப வந்திருச்சு. ஆபீசர் கூட ஆச்சரியப்பட்டாரு. 'பாருங்க டீச்சரு, எனக்குத் தலையெழுத்தே திரும்பி வந்திருச்சு'ன்னு வெரலைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க."

இரண்டு தாளும் டீச்சரின் மடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மயிலாள் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள், தொடவில்லை. போன மாசம் விழுந்த கோடு இன்று விடிகாலையில் ஒன்றுகூட விழவில்லை.

"உங்க சித்தப்பா கிட்ட என்னன்னு சொன்னே?" என்று கேட்டாள் டீச்சர், மெதுவாக.

"அம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னேனுங்க."

டீச்சர் இரண்டு தாளையும் மடித்து அவள் கையில் வைத்தாள்.

ஈரத்தலையோடு நஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள். "கண்ணு, ஷெட்டு தொறந்தே கெடக்குது. பூட்டுப் போட்டறட்டா?"

மயிலாள் ஷெட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாங்க்கா" என்றாள். "அம்மா உள்ள வரோணுமில்ல."