கழுத்துக் குழாய்

மனைவி ரோசரியின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றப் போன அமிர்தசாமி, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவளைப் பார்த்ததும் தீக்குச்சியை ஊதி அணைத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் தஹ்ஸீன். மன்னார்புரம் வரைக்கும் இவளுக்கு என்ன வேலை? புகார் எழுதுகிறோமா என்று மோப்பம் பிடிக்க வந்திருப்பாள்.

புகார் தயார்தான். மகன் சகாயநாதன் டைப் அடித்து வைத்துவிட்டான். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறி, ஐந்தாம் நாள் நடுக்கம் கண்டு, ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தாள் ரோசரி. செவ்வாய்க்கிழமை கை கழுவாமல் குழாயைத் தொட்டவள் தஹ்ஸீன். கண்ணால் பார்த்தவர் அமிர்தசாமி.

வாசலிலேயே மறித்தார்.

"ஆளு செத்தாச்சுல்ல. இன்னும் என்ன?"

"அம்மா மொகம் பாக்காம மனசு கேக்கலங்கய்யா."

"செவ்வாக்கெழம நீ கை கழுவுனியா?"

"கழுவுனேன்யா. கட்டில்ல தொங்குமே, அந்த மருந்து. தேச்சா காஞ்சிரும்."

"தண்ணியில்லாம என்னடி கழுவுறது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு குழாய் மேல ஒட்டுன பிளாஸ்டர் ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. உள்ள எண்ணெய். யாரு தடவுனதுன்னு கேட்டேன். நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. தொடச்சுட்டுத்தான் புதுசு போட்டேன். அதுனாலதான்னு சொல்லலய்யா. எங்க கையிலேருந்தும் வந்திருக்கலாம். யாரு கண்டா?"

அதற்கு முந்தின ராத்திரி, அரிக்குதுங்க, அரிக்குதுங்க என்று ரோசரி அழுதாள். பிளாஸ்டரை யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்வதையெல்லாம் நம்ப அமிர்தசாமி என்ன கேனையனா? கோயிலில் மந்திரித்த எண்ணெய். ஒரு ஓரத்தைப் பிரித்து, விரலால் தொட்டு வைத்தார். அன்றைக்கு அவள் தூங்கினாள்.

சகாயநாதன் பேப்பரோடு வந்தான். "இவ முன்னாடியே போடுங்கப்பா. வேலை போனாத்தான் புத்தி வரும்."

"கிழிச்சுப் போடு."

"நீங்கதானப்பா பாத்தேன்னீங்க?"

"சரியாப் பாக்கல. கிழிடான்னா!" அவளைப் பார்த்து, "உள்ள போ" என்றார்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து ரோசரியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார்கள். மகள் லிசி வரைந்தாள். தஹ்ஸீன் கால்மாட்டில் ஒதுங்கி நின்றாள்.

"அப்பா, நீங்க வாங்க."

அமிர்தசாமி பெட்டியருகே வந்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இருவரும் கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டார்கள்.