பதினேழாம் எண்

பிரித்தெடுத்த பழைய அணு உலையின் இரும்புக் குழாய்களை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவது எங்கள் வேலை. மேல்தோல் கரையும், அதோடு கதிர்வீச்சு அழுக்கும் போய்விடும். அளவுகருவி சத்தம் போடாவிட்டால் குழாய் காயலான் கடைக்குப் போகலாம்.

ஒரு குழாய் மட்டும் இரண்டு முறை குளித்தும் ஓரிடத்தில் டிக்டிக்கென்றது. அளக்கும் ஸ்லாவ்கா விளக்கைப் பிடித்தாள். பற்றவைப்புக்குப் பக்கத்தில் 17 என்று குத்தியிருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் அழுக்கு ஒளிந்திருந்தது.

"எந்த முரடன் இவ்வளவு ஆழமா அடிச்சான்?" என்றாள்.

வென்டெலின்தான். நாற்பது வருடத்துக்கு முன் அவனும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று பற்றவைத்த குழாய் அது. முடித்ததும் அவரவர் அடையாள எண்ணைச் சுத்தியலால் குத்த வேண்டும். மதியம் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டே யாருடைய வேலை அழகு என்று சண்டை போடுவோம்.

"மெதுவாடா, குழாய் ஓட்டையாயிடப் போவுது" என்று திட்டுவேன்.

"என் பேரன் பிராட்டிஸ்லாவாவிலேருந்து வந்து பாக்கணும்டா" என்பான். கல்யாணமே ஆகாதவன். போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

"அரைச்சு எடுத்துடுங்க. வேற வழியில்ல" என்றாள் ஸ்லாவ்கா.

"எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம்."

அரைத்தேன். கருவி அடங்கியது. பிறகு குழாயைத் திருப்பி, மறுபக்கத்தில் என் எண்ணைத் தேடினேன். நான் மெதுவாகத்தான் அடித்திருந்தேன். முதல் குளியலிலேயே அது கரைந்துபோயிருந்தது.