அடிப்பிடித்த பானை

பானை பளபளவென்று இருந்தது. நேற்றுவரை அதன் உள்ளே கரி அப்பிக் கிடந்தது.

அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவள் உயிரையே வைத்திருந்தது அந்த ஒரு பானையின் மேல்தான். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி அதை அடுப்பில் ஏற்றிவிட்டு எங்கேயோ பராக்குப் பார்த்திருக்கிறாள். அடிப்பிடித்துவிட்டது. புண்ணியவதி, தேய்க்காமலே போட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கருகலில் இருந்த தானியம் விதைத்து அறுத்ததா, காட்டில் உருவிக்கொண்டு வந்ததா? அந்த மனிதர்கள் எப்போது உழவர்கள் ஆனார்கள் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அது. தோண்டிய இடத்தின் மேல் சாலை போட்டாயிற்று.

விரல்நகம் அளவு சுரண்டி எடுக்க அனுமதி கேட்டு நடையாய் நடந்தாள். இயக்குநர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர்தான். "முழுப் பானைம்மா அது. கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தார்.

இப்போது அவர் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்தாள்.

"யார் கழுவினது?"

"நான்தான் கழுவச் சொன்னேன். அமிலத்துல ஊறப்போட்டு, பிரஷ்ஷால நல்லா தேய்ச்சாங்க. நாளைக்குத் திறப்பு விழா, பெரிய மனுஷங்க வர்றாங்க. கரியும் அழுக்குமா வைக்க முடியுமா?"

"நகம் அளவு கேட்டேன், குடுக்கல. மொத்தத்தையும் சாக்கடையில விட்டுட்டீங்களே அத்தான்!"

"கத்தாத. கரிதானே போச்சு? பானை இருக்குல்ல?"

கரிதானே! அரிசியைக் கொட்டிவிட்டுக் கோணியை மடித்து வைக்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது? மேசையில் தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வீசினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வேலை வாங்கிக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அத்தான். "உங்க அக்காகிட்ட போய் மூக்கைச் சிந்தாம, பானைக்கு விளக்க அட்டை எழுது. அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னுதான் ஜனங்க முதல்ல கேப்பாங்க. ரெண்டு வரி, அழகா எழுது."

அழகாகத்தான் எழுதினாள். யாருக்கு எந்த நாற்காலி என்பதிலேயே கண்ணாயிருந்த அத்தானுக்கு அட்டையைப் படிக்க நேரமில்லை.

மறுநாள் சிறப்பு விருந்தினர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து, கூட்டத்துக்கே கேட்கும்படி வாசித்தார்.

"இந்தப் பானையில் என்ன சமைத்தார்கள் என்று தெரியாது. ஐயாயிரம் ஆண்டுகளாக விடை உள்ளேயே இருந்தது. நேற்றுக் கழுவிவிட்டோம்."

விருந்தினர் நிமிர்ந்தார்.

"யார் கழுவினது?"

அத்தான் முகம் வெளிறி அவளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்களத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க அத்தான்."