இரண்டு கையாலும் கழற்றுங்கள்

அணைக்கத்தான் அமுக்கினான். விரல் வியர்த்திருந்ததாலோ, அந்தப் போனில் ஏற்கெனவே மூன்று விரிசல் இருந்ததாலோ, சிவப்புக்குப் போக வேண்டிய விரல் பச்சைக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது.

"சார், கண்ணாடி கெடச்சுதா?" என்றது ஓர் இளம் குரல். அதன் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "நல்லாத் தேடுங்க சார், மூக்கு மேலயே இருக்கப்போகுது!"

கூடத்தில் இருபது பேராவது இருந்தார்கள். நடுவில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, அத்தான் படுத்திருந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையைப் பாதியில் நிறுத்தினார்கள். அவன் போனைக் கவிழ்த்து வயிற்றோடு அழுத்திக்கொண்டான். சிரிப்பு இப்போது அவன் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் எதிர்வீட்டு வக்கீல் எழுந்து வந்து, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோலப் போனை வாங்கி அணைத்தார்.

காலையிலிருந்து தெரியாத எண்களிலிருந்து அடித்துக்கொண்டே இருந்த அத்தானின் கடைப் போனை "இத நீயே பாத்துக்கடா" என்று அவன் கையில் வைத்தவள் அக்காதான். இப்போது அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லாத பார்வை. கோபமாக இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அக்காவுக்கு ஒரே தம்பி. எட்டு வயதில் வைத்த பெயர், நாற்பத்தொன்றிலும் பொருந்துகிறது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம்' என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு எழுதுவான். நாற்பதிலும் ஒரு சொட்டு வருத்தம் இருக்காது. வேலை நேரம் போக, 'ஓட்டைவாய்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். முப்பத்தோராயிரம் பேர் அதில் அவனைப் படித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அவன் யாரென்று தெரியாது. அவனை யாரென்று தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பக்கம் தெரியாது. அந்த ஏற்பாடு அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பக்கத்து அறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டைப் பையில் மருத்துவரின் சான்றிதழ் நகல் இருந்தது. காலையிலிருந்து நான்கு முறை படித்துவிட்டான். 'மாரடைப்பு' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஐந்தாவது முறை எடுத்துப் படித்தான். அந்த வார்த்தை அவனை விடுதலை செய்வதாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும்வரை படிப்பதாக இருந்தான்.

இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. அத்தானுக்குச் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருடமாக அதே எழுத்துப் பலகை, அதே சுழலும் நாற்காலி. கடைக்கு ஒரு வீடியோ எடுத்துப் போடலாம் என்றாள் அவர் மகள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர், கல்லூரி முடித்தவள். படம் பிடித்தது ரேடியோ. அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றார்.

"கண்ணாடிய எப்பவும் ரெண்டு கையாலயும் கழட்டுங்க. ஒத்தக் கையால இழுத்தா ஒரு பக்கம் லூசாயிடும். சில பேருக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது," என்று, மூக்கில் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கப் போனைப் பிடித்திருந்த ரேடியோவை ஒரு முறை முறைத்துவிட்டு, தன் கண்ணாடியை இரண்டு கையாலும் அழகாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்கப்புறம் அதைக் காணோம். மைனஸ் ஒன்பது பவர். மேசை முழுக்கக் கையால் தடவினார். துடைக்கும் துணி, அளவுகோல், விசிட்டிங் கார்டு எல்லாம் அகப்பட்டது, கண்ணாடி மட்டும் அகப்படவில்லை. பதினோரு வினாடி. அந்தப் பதினோரு வினாடியும் கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். "இது நம்ம குரூப்ல மட்டும் இருக்கட்டும். வெளிய போச்சுன்னா எவனும் என்கிட்ட கண்ணக் குடுக்க மாட்டான்."

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது ரேடியோ அந்தப் பதினோரு வினாடியை வெட்டி எடுத்து ஓட்டைவாயில் போட்டான். மேலே ஒரு வரி: 'இவர்தான் நமக்குப் பார்வை தரப்போகிறார்.' நல்ல வரி என்று நினைத்தான். இறங்கும் இடம் வருவதற்குள் நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். அவன் எழுதிய எந்தக் கடிதத்தையும் நாலு பேர் முழுதாகப் படித்ததில்லை. படியில் இறங்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் கடைக்குப் போன் வந்தது. "சார், கண்ணாடி கெடச்சுதா?" அத்தான் பொறுமையாக, "எந்தக் கண்ணாடிங்க? பில் நம்பர் சொல்லுங்க," என்றார். அந்தப் பதிலும் பதிவாகி, பாட்டுப் போட்டு ஊரெல்லாம் சுற்றியது. பிறகு ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு. பிறகு யாரோ, இந்த ஆள் செய்த கண் சோதனையில் ஒரு குழந்தைக்குப் பார்வை போய்விட்டது என்று எழுதினார்கள். அப்படி ஒரு குழந்தையே இல்லை. இல்லாத குழந்தைக்காக ஆயிரம் பேர் கொதித்தார்கள். குட்டியின் போட்டோவைத் தேடி எடுத்து, அதன் கீழே வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதினார்கள். கடைப் பலகையில் ஒரு கல் விழுந்தது. அத்தான் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ரேடியோ நாலாம் நாளே வீடியோவை, பக்கத்தோடு சேர்த்து, அழித்துவிட்டான். குழாயை மூடினான், அவ்வளவுதான். தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"குரூப்ல இருந்தது நாம நாலு பேரு. எப்படி மாமா வெளிய போச்சு?" என்று குட்டி கேட்டாள். அவன் மனசு யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: "என் போன் ரெண்டு நாள் ரிப்பேர்ல இருந்துச்சுல்ல... அங்கதான் எவனோ எடுத்திருக்கணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாப்பிடும்போது, கேட்பாரில்லாமல், ஒரு சொற்பொழிவும் ஆற்றினான். "கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்குல்ல அத்தான்? சிரிக்கக் கூடாதுன்னு சட்டம் போட முடியுமா? இன்னிக்குச் சிரிப்ப நிறுத்துவான், நாளைக்குப் பேச்ச நிறுத்துவான்."

அத்தான் தட்டைப் பார்த்தபடியே, "சிரிக்கட்டும்டா. போன் பண்ணாம சிரிக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு ரேடியோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஒரு வாரம் மெயின் குழாய் உடைந்தது. ஒரு வாரம் காய்ச்சல். மூன்றாம் வாரம் மறுபடியும் அதே குழாய்.

இப்போது வந்திருக்கிறான்.

அறையில் குட்டி தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியும் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவன் வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாமா, இதப் பாருங்க," என்று திரையைத் திருப்பினாள்.

அத்தான் இறந்த செய்தியைக் காலையில் அவள் போட்டிருந்தாள். அதன் கீழே எழுநூறு பதில்கள். பாதிப் பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டிருந்தார்கள். மீதிப் பேர் வேறு ஏதோ எழுதியிருந்தார்கள். ரேடியோ குனிந்து படித்தான்.

'இதை முதலில் போட்டது ஓட்டைவாய் என்கிற நாய். பக்கத்தை அழித்துவிட்டு ஓடிவிட்டது.'

'என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.'

'அவன் வீட்டு விலாசம் யாராவது கொடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

விலாசம் கேட்டவனின் படத்தை ரேடியோவுக்குத் தெரியும். சூரியகாந்திப் பூ. போன மாதம் அத்தான் கடை விலாசத்தைக் கேட்டதும் இதே சூரியகாந்திதான். இத்தனை நாளும் அந்தக் கூட்டத்தை அவன் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். முன்னாலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ரேடியோ ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கினான். ஹெல்மெட் கழற்றாமல் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் போனை உயர்த்தி, வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படம் பிடித்தான். அனுதாபத்துக்கா, அடையாளத்துக்கா, தெரியவில்லை. ரேடியோ திரையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வண்டி கிளம்பிப் போன பிறகும் அதன் சத்தம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

வக்கீல் உள்ளே வந்து குட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சிரிச்சது குத்தம் இல்லம்மா," என்றார் தணிந்த குரலில். "கேலி பண்ண உரிமை இருக்குன்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு. அந்தப் பக்கம் நின்னா நானும் அதத்தான் சொல்லுவேன்."

"அப்பாவக் கொன்னது?"

"அப்படி எழுத முடியாது. சர்டிபிகேட்ல இதயம்னு இருக்கு. உன் போட்டோவப் போட்டு மிரட்டுனாங்கல்ல, அது குத்தம். புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னு பொய் எழுதுனாங்கல்ல, அது குத்தம். ஆனா அவங்களப் புடிக்க நாளாகும். கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிறது ஒரே ஆளு. அந்த ரிப்பேர் கடைக்காரன். அடுத்தவன் போன்லேருந்து திருடியிருக்கான். நாளைக்குக் காலையில அவன் பேரக் குடுத்தோம்னா மத்தியானம் ஸ்டேஷன்ல இருப்பான்."

குட்டி பேனாவைத் திறந்தாள். "மாமா, கடை பேரு என்ன?"

"அது... மார்க்கெட் பக்கம். போர்டு ஞாபகம் இல்ல."

"ரசீது?"

"வீட்ல இருக்கும். தேடிப் பாக்கறேன்."

போர்டு அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி அளவு கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வேலை பார்க்கும் மனிதர். அந்தப் பூதக்கண்ணாடியைக்கூட அத்தானிடம்தான் வாங்கினார். யாராவது அதட்டினால் பதில் சொல்லத் தெரியாமல் முதலில் எழுந்து நின்றுவிடுவார். நாளை மத்தியானமும் எழுந்து நிற்பார்.

"டேய், இங்க வா," என்று அக்கா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். அவன் ஏறக்குறைய ஓடினான்.

அவள் கட்டில் ஓரத்தில் அத்தானின் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிறு இன்னும் அதில் இருந்தது. மஞ்சள் துணியால் ஒரு பக்கம் துடைத்து முடித்து, அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"இதப் போட்டுவிடணுமா, வேண்டாமா? கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்காருடா."

"போட்டுவிடலாம்க்கா."

"கயிறு?"

அவளே கயிற்றின் முடிச்சை நகத்தால் நெருடினாள். இறுகிய முடிச்சு. கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். அவன் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"அக்கா."

"ம்."

"அந்த வீடியோ எப்படி வெளிய போச்சுன்னு... அத்தான் ஏதாவது சொன்னாரா?"

"எதுக்குச் சுத்தி வளைக்கிற? நேரா கேளு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோவுக்கு ஒலி வரவில்லை. "அவருக்கு... தெரியுமா?"

"தெரியும்," என்றாள்.

முடிச்சு அவிழ்ந்தது. அவள் கயிற்றை உருவிச் சுருட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ எப்பவும் போற அந்த ரிப்பேர் கடைக்குச் சண்டை போடத்தான் போனாரு. அதுக்கு ஒரு சலவைச் சட்ட வேற. அந்தாளு நோட்டத் தூக்கி முன்னால வச்சு, பாருங்க சார்னுட்டாரு. உன் போன் அங்க வரவே இல்ல. திரும்பி வந்து, இதோ, இந்த எடத்துலதான் உக்காந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு, 'நம்ம ரேடியோதான்'னாரு. அதோட சரி."

"என்னக் கூப்பிட்டு ஏன்க்கா கேக்கல?"

"நானும் அதான் கேட்டேன். அவனா வந்து சொல்லுவான்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உன் தட்டயும் சேத்து வைக்கச் சொன்னாரு. ஆறு வாரம் வச்சேன்."

'தங்களுக்கு ஏற்பட்ட' என்று அலுவலக வாக்கியம் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"குட்டிக்கு?"

"தெரியாது." அக்கா எழுந்தாள். கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஊதி, ஒரு தடவை பார்த்தாள். "நான் சொல்லப்போறதில்ல. அது என் வேல இல்ல."

அவன் கதவைவிட்டு விலகினான். அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பக்கத்து அறையில் வக்கீல் இல்லை. குட்டி மட்டும், பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், காலியான முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஞாபகம் வந்துச்சா மாமா?"

"வந்துச்சு."

அவள் நிமிர்ந்து நோட்டில் தேதி எழுதி, கீழே கோடு போட்டு, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ உட்கார்ந்தான். தன் கண்ணாடியை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றி, மடித்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் முகம் கலங்கி, ஒரு வெளிர்நிற வட்டமாகிவிட்டது. அந்த வட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தான்.