ஒரு மண்டலத்து உப்பு

"அம்மா, வேர்வையில உப்பு போட்டது யாரு?"

ஐந்து வயதில் ஹிபா ஒருநாள் கேட்டாள். கன்னத்தில் வழிந்ததை நக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது.

"அல்லாதான். அளவா போட்டு வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஜஹானாரா தையல் மிஷினை மிதித்தாள்.

இப்போது ஹிபா பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அம்மாவின் தையல் கடை இன்னும் சென்னீர்குப்பம் நெடுஞ்சாலையோரம்தான். ஆடி பிறந்தால், திருவேற்காடு அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்காகக் கடை வாசலில் பந்தல் போட்டுத் தண்ணீர் வைப்பாள் ஜஹானாரா.

அந்த வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் தள்ளாடி வந்து பந்தல் காலில் சாய்ந்தாள். தலை வலிக்கிறது என்றாள். ஜஹானாரா சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததையெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். "இது எந்த ஊரு?" என்று இரண்டாம் முறையும் கேட்டாள்.

ஜஹானாரா மறுபடி சொம்பை நிரப்பினாள். உள்ளேயிருந்து வந்த ஹிபா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. குடுக்காத."

"வெயில்ல வந்துகீறா. தண்ணி குடுக்கறது தப்பா?"

ஹிபா அந்தப் பெண்ணின் கையை எடுத்துப் பார்த்தாள். விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"வழியில நெறைய தண்ணி குடிச்சாங்களா?"

"பந்தலுக்குப் பந்தல்" என்றான் கூட வந்த கணவன் ஆனந்தன்.

"இன்னா சாப்ட்டாங்க?"

"உப்பில்லாத சோறு. ஒரு மண்டலமா வசந்தாவுக்கு அதான். எனக்கும் அதையேதான் வடிச்சா. நான் கடையில போண்டா துன்னு தப்பிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஹிபா 108ஐ அழைத்தாள். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "வேர்வையோட உப்பு போயிடுச்சும்மா. வெறும் தண்ணியா ஊத்தினா ரத்தம் நீர்த்துப்போவும். அந்தத் தண்ணி எறங்கி மூளை வீங்கிடும். கொஞ்சம் கஞ்சியில உப்ப அள்ளிப் போட்டு எடுத்துனு வா."

ஜஹானாரா உள்ளே ஓடினாள். இத்தனை நேரம் தண்ணீரை ஊற்றியது அவள்தானே.

கஞ்சி வந்தது. வசந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் புள்ள லோகேஷு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ வேண்டிக்கினது. கோயிலுக்குப் போற வரிக்கும் உப்பு தொடமாட்டேன். தொட்டா புள்ளைக்கு எதனா ஆயிடும்."

"கோயிலு தோ, கிட்டதான்..." என்றான் ஆனந்தன். குடி என்று சொல்லவும் அவனுக்குப் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். வசந்தாவின் கண்கள் செருகத் தொடங்கின. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

ஜஹானாரா மண்ணில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வசந்தா, இங்க பாரு. உன் கடன நான் எடுத்துக்கறேன். ஒரு மண்டலம் நான் உப்பில்லாம சாப்பிடறேன். உன் புள்ளைக்காக."

"நீங்க எதுக்குக்கா?"

"உனக்கு மேல மேல தண்ணி ஊத்தினவ நான்தானே."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

வசந்தா வாயைத் திறந்தாள். மடக்கு மடக்காக உள்ளே போகும்வரை ஜஹானாரா கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்திருந்தாள். பாதிக் கிண்ணம் காலியானபோது சைரன் கேட்டது.

மாலையில் மருத்துவமனையிலிருந்து ஹிபா போன் செய்தாள். "ரத்தத்துல உப்பு ரொம்ப எறங்கியிருந்துச்சாம். ட்ரிப்ஸ் ஏறுதும்மா. இப்ப தெளிவா பேசறாங்க. புள்ளைகிட்ட போன்ல பேசினாங்க." பிறகு, "நல்லா சமாதானம் பண்ணினம்மா அவங்கள" என்றாள். அம்மா கொடுத்த வாக்கை அவள் வெறும் சமாதானப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் உப்புப் போட்ட மோர்ப் பானையும் இருந்தது. வசந்தா ஊர் திரும்பிவிட்டாள். அந்த வாக்கைப் பற்றி யாரும் ஜஹானாராவிடம் கேட்கவில்லை.

இரவுப் பணி முடிந்து ஹிபா தூங்கும் பகல் நேரங்களில் ஜஹானாரா சமைப்பாள். பானையில் உப்புப் போடுமுன் தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். முதல் சில நாள் உப்பில்லாத சோறு இறங்க மறுத்தது. அப்போதெல்லாம் பார்த்தறியாத அந்தப் பையனின் பெயரைச் சொல்லி அல்லாவிடம் துஆ கேட்டுவிட்டு விழுங்குவாள்.

மண்டலத்தின் கடைசி நாளும் அப்படியே சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மகளுக்காகப் பானையில் உப்பை, அளவாக, போட்டாள்.